சனவரித் தோட்டாவும் சிரோக்கோ வெக்கையும்

வெடிச்சத்தத்துக்குப் பயந்து நாட்டை விட்டு வந்த சனத்துக்கை, வெடிச்சத்தத்துக்கு நடுவிலை நிண்டு சம்பளம் எடுக்கிற ஆள் நான் ஒருத்தியாத்தான் இருப்பன். இத்தாலியிலை, இந்தப் பலெர்மோவிலை எங்கடை ஆக்கள் வீடு கூட்டுகினம், வயசு போன சிஞ்ஞோராமாரை, இந்த ஊர் அம்மாமாரைப் பாக்கினம், கோப்பை கழுவுகினம். நான் துவக்குச் சூட்டுத் திடலிலை சுட்டு முடிஞ்ச தோட்டாவின்ரை வெறுங்கோது பொறுக்கிறன்.

என்ரை மனிசன் சூசை மொண்டெல்லோக் கடற்கரையிலை ஒரு சாப்பாட்டுக்கடைக் குசினியிலை நிக்கிறார். கோயிலிலை பூசை முடிய ஆரும் "ரீற்றா இப்ப எங்கை வேலை?" எண்டு கேட்டால், அவருக்கு வெக்கம். "அவ ஒரு கிளப்பிலை நிக்கிறா" எண்டு கெதியாச் சொல்லிப்போடுவார். பேந்து அது இன்னும் மோசமாக் கேக்குது எண்டு விளங்கித் தலையைச் சொறிவார். மெய்யாச் சொன்னால், இந்தத் திடலின்ரை முதலாளி சால்வோவின்ரை தாயைக் கடைசிவரை பாத்தது நான். தாய் போனபிறகு அவர் "ரீற்றா, உன்னை விடேலாது, திடலுக்கு வா" எண்டு கூட்டிக்கொண்டு வந்தார். கடுதாசி இலக்கு ஒட்டுறது, கோப்பி போடுறது, வெறுங்கோது கூட்டி அள்ளுறது, வாசலிலை கதிரை போட்டு இருந்து வாறவையிட்டை ஒரு கேள்வி கேக்கிறது, இதுதான் என்ரை வேலை. அந்தக் கேள்வி இதுதான்: "தோட்டா கடையிலை வாங்கினதோ, கையாலை செய்ததோ?"

கடையிலை வாங்கினது எண்டால் பிரச்சினை குறைவு. வெயிலுக்கும் குளிருக்கும் தாங்கிற மாதிரிக் அளவிலை கொஞ்சம் இடம் விட்டுத்தான் கொம்பனிக்காரன் வெடிமருந்து போடுறவன். கையாலை செய்யிற ஆக்கள் வேறை சாதி. சுட்ட வெறுங்கோதை எடுத்து, அடியிலை நெருப்புப் பத்தவைக்கிற புதுக் கேப்பு வைச்சு, மருந்தை நிறுத்துப் போட்டு, மேலை குண்டை இறுக்கி, வீட்டிலை இடிச்ச மிளகாய்த்தூள் மாதிரி நெஞ்சிலை அணைச்சுக்கொண்டு வருவினம். அவையளிட்டைக் குறை சொல்லிப் பாருங்கோ. பெத்த பிள்ளையைச் சொன்னாலும் பொறுப்பினம், இதைப் பொறுக்கமாட்டினம்.

முதலாளி எனக்கு முதல் நாளே சொல்லித் தந்த பாடம் சின்னது. "ரீற்றா, வெக்கையிலை மருந்து கெதியா எரியும். கெதியா எரிஞ்சால் துவக்குக்குள்ளை அமுக்கம் கூடும். கூடின அமுக்கம் குண்டைத் தள்ளுறதோடை நிக்காது, பின்னாலை நிக்கிறவன்ரை முகத்தையும் தேடி வரும்." இவ்வளவுதான். இதைச் சொல்லிச் சொல்லியே என்ரை தொண்டை வத்திப்போச்சு. வாடிக்கையாளரோடை மாரடிக்கிற வேலையிலை நீங்களும் நிக்கிறியள் எண்டால், மிச்சத்தை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இறைச்சிக்கடைக்காரரும் கார்க் கண்ணாடியும்

கபோச் சந்தையிலை இறைச்சிக்கடை வைச்சிருக்கிற ஒருத்தர் ஞாயிறு தவறாமல் வருவார். நல்ல மனிசன், பெரிய வயிறு, அதைவிடப் பெரிய குரல். யூலை மாசம் ஒருநாள் விடிய வந்து கொஞ்சம் சுட்டுப்போட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு எண்டு பக்கத்துக் கடைக்குப் போனார். இந்த ஊர் ஞாயிற்றுச் சாப்பாடு எப்பிடி எண்டு உங்களுக்குத் தெரியும்தானே. முதல் ஒரு கோப்பை பாஸ்ரா, பேந்து ஒரு கோப்பை இறைச்சி, பழம், கோப்பி, அதுக்குப் பிறகு இரவைக்கு என்ன சாப்பிடுறது எண்ட கதை. அவர் திரும்பி வரேக்கை வெயில் சரிஞ்சிட்டுது. அவ்வளவு நேரமும் தோட்டாப் பெட்டி காரின்ரை முன்கண்ணாடிக்குக் கீழை, நேர் வெயிலிலை கிடந்திருக்கு.

முதலாளி பெட்டியைத் தொட்டிட்டுக் கையை இழுத்துக்கொண்டார். "இதை இப்ப சுடேலாது. ஆறட்டும்" எண்டார். இறைச்சிக்கடைக்காரருக்கு விசர் வந்திட்டுது. முதலாளி அசையேல்லை. நிழலிலை ஒரு கதிரை போட்டு ஆளை இருத்தி, பக்கத்திலை இன்னொரு கதிரையிலை பெட்டியை இருத்தினம். இரண்டு பேரும் கலியாணவீட்டிலை கோவிச்சுக்கொண்ட சம்பந்திமார் மாதிரி இருந்தவை.

கோப்பி கொண்டுபோய்க் குடுக்கேக்கை எனக்கு வாய் சும்மா இருக்கேல்லை. "ஈரலை ஐசிலை வைக்கிற ஆள் நீங்கள். இதைப் போய் வெயிலிலை வைச்சிட்டியளே" எண்டன். மனிசன் கோப்பியை வாங்கினார். கோபம் போய் முகத்திலை சிரிப்பு வந்தது. "இறைச்சி பழுதானால் மணக்கும் ரீற்றா, இந்தச் சனியன் ஒண்டுமே சொல்லாமல் இருக்குதே" எண்டார்.

மேல்வீட்டு நினோ

இனி எங்கடை கட்டடத்துக்கு வாங்கோ. சீசா எண்ட பகுதியிலை நாங்கள் இருக்கிற வீட்டுக்கு மேல்மாடியிலை சிஞ்ஞோர் நினோ எண்டு ஒரு பென்சன்காரர். பலெர்மோவிலை காலம் முழுக்கப் பஸ் ஓடினவர். எங்கடை திடலின்ரை பழைய ஆளும் அவர்தான். இடதுகண் பார்வை எப்பவோ போச்சுது. மிஞ்சியிருக்கிற வலதுகண்ணாலைதான் பத்திரிகையும் பாக்கிறார், மனிசியையும் பாக்கிறார், துவக்கும் சுடுறார்.

அவருக்கு ஒரு வழக்கம். கிறிஸ்மஸ் முடிஞ்சு குளிர் இறங்கின உடனை, கண்ணாடி அடைச்ச பல்கனியிலை போர்வையைப் போத்துக்கொண்டு இருந்து அந்த வருசத்துக்குரிய தோட்டா முழுக்கச் செய்துபோடுவார். சனவரியிலை ஆகக் குளிரான காலமையாப் பாத்துத் திடலுக்கு வந்து சுட்டுப் பாப்பார். அந்தக் குளிருக்கை எவ்வளவு மருந்து போட்டால் துவக்கு முரண்டு பிடிக்காதோ, அந்த விளிம்பிலை கொண்டுபோய் நிப்பாட்டுவார். கேட்டால் "விளிம்பிலைதான் வேகம் இருக்கு" எண்டுவார். பிறகு அதே தோட்டாவைப் பெட்டியிலை போட்டு வைச்சு, செப்ரெம்பர் கடைசியிலை நடக்கிற கிளப் போட்டிக்குக் கொண்டு வருவார். அப்ப எங்களுக்கு ஆபிரிக்காப் பக்கமிருந்து சிரோக்கோ அடிக்கிற காலம். அடுப்புக்கு முன்னாலை நிக்கிற மாதிரிக் காத்து. முதலாளி எத்தினையோ தரம் சொல்லிப்போட்டார், சனவரிக்கு அளந்த மருந்து செப்ரெம்பருக்குக் கூடிப்போகும் எண்டு. நினோ தலையை ஆட்டுவார். ஆட்டுற தலைக்கை ஒண்டும் போகாது.

அந்தப் போட்டியிலை ஒவ்வொரு வருசமும் அவர் இரண்டாமிடம். வெண்டவருக்குப் பரிசு ஒரு முழுச் சீஸ், பிறகு சுவர்ப் பலகையிலை பேர். இந்த முறை கண் டொக்டர் ஒரு கதை சொல்லியிருக்கிறார். வலதுகண்ணும் மங்கிக்கொண்டு வருது, அடுத்த வருசம் துவக்கு லைசென்ஸ் புதுப்பிக்கிறது கஷ்டம் எண்டு. அப்ப இதுதான் அவருக்குக் கடைசிப் போட்டி. டொக்டரிட்டைப் போய் வந்த அண்டு பின்னேரம் அவரின்ரை மனிசி சிஞ்ஞோரா பினா ஒரு கோப்பையிலை பொரிச்ச கத்தரிக்காயோடை கீழை இறங்கி வந்தா. வழமையா வாசலிலை தந்திட்டுப் போறவ, அண்டைக்குக் குசினிக்கை வந்து இருந்திட்டா. "நீ அங்கை நிக்கிறனி, கொஞ்சம் பாத்துக்கொள். அந்த ஆளுக்கு மிஞ்சியிருக்கிறது ஒரு கண், ரீற்றா. அதாலைதான் என்னைப் பாக்கிறார்."

பட்டருக்குப் பக்கத்திலை

நான் சும்மா இருப்பனோ. படியிலை காணேக்கை, குப்பை போடப் போகேக்கை, கண்ட கண்ட இடமெல்லாம் நினோவுக்கு வெக்கை வெக்கை எண்டு ஓதினன். ஓதினது ஒருநாள் ஏறிச்சுது. ஆனால் ஏறின விதம்தான் பிழை. ஓகஸ்டிலை ஒருநாள் மனிசன் பெரிய வெற்றியோடை ஐஸ் பையைத் தூக்கிக்கொண்டு திடலுக்கு வந்தார். "இனி நீ கதைக்கேலாது. இரவு முழுக்கப் பிறிஜ்ஜுக்கை வைச்சனான்" எண்டு பெட்டியைத் திறந்தார்.

திறந்து மேசையிலை வைச்ச கையோடை, அந்தப் புழுக்கத்துக்குத் தோட்டா எல்லாம் வேர்க்கத் தொடங்கிட்டுது. கோதிலை முத்து முத்தாத் தண்ணி. சூசை மீன்பெட்டி திறந்தால் எப்பிடி இருக்குமோ, அப்பிடி. முதலாளி தலையிலை கையை வைச்சார். ஈரத்தோடை கோதைத் துவக்குக்குள்ளை விட்டுச் சுட்டால் அது உள்சுவரைப் பிடிச்சு நிக்காமல் வழுக்கிப் பின்பக்கத்தைப் போட்டு இடிக்கும், அதுவும் கேடுதான் எண்டு விளங்கப்படுத்தினார். நினோவின்ரை முகம் செத்துப்போச்சு. "வெக்கையும் கூடாது, குளிரும் கூடாது. இதென்ன, பச்சைப்பிள்ளையோ?" எண்டு முணுமுணுத்துக்கொண்டு, ஒவ்வொண்டாத் துடைச்சுத் துடைச்சு வைச்சார். அண்டைக்கு ஒரு வெடியும் இல்லை. நானும் அவரும் ஒரே பஸ்ஸிலை வீட்டை வந்தம். மனிசன் வழி முழுக்கச் சாரதியைத்தான் திட்டினார்.

மேலை கதவு திறந்ததும் பினாவின்ரை குரல் எங்கடை வீட்டுக்கும் கேட்டுது. "பிறிஜ்ஜுக்கை பட்டருக்குப் பக்கத்திலை தோட்டா வைக்கிற வீடு இது ஒண்டுதான். ஒருநாளைக்கு நான் உமக்குப் பாணிலை எதைப் பூசித் தருவன் எண்டு எனக்கே தெரியாது."

தோட்டத்து எண்ணெய்

இது நினோவின்ரை கதை இல்லை, ஆனாலும் சொல்லாமல் விடேலாது. கடற்கரைப் பக்கத்து ஆள் ஒருத்தர். உப்புக்காத்துக்குக் கோது கறுக்குது எண்டு அவருக்குப் பெரிய கவலை. ஒருநாள் வந்தார், பெட்டி திறந்தார், தோட்டா எல்லாம் மினுமினுக்குது. எனக்கு ஒரு வாசம் வந்தது. எங்கையோ தெரிஞ்ச வாசம். பேந்து பாத்தால், ஒலிவ் எண்ணெய்.

மனிசன் தன்ரை சொந்தத் தோட்டத்து எண்ணெயை எடுத்து, பஞ்சிலை நனைச்சு, ஒவ்வொரு தோட்டாவுக்கும் எண்ணெய் தேய்ச்சுவிட்டிருக்கிறார். முதலாளிக்குச் சிரிப்பையும் அடக்கேலாது, கோபத்தையும் அடக்கேலாது. ஈரத்துக்குச் சொன்ன அதே கதைதான் எண்ணெய்க்கும், கோது வழுக்கும், பின்பக்கம் இடிபடும், ஒண்டையும் சுடவிடமாட்டன் எண்டு சொன்னார். அந்த ஆளுக்கு அமுக்கம், வழுக்கல் ஒண்டும் காதிலை விழேல்லை. எண்ணெயைக் குறை சொன்னது மட்டும் விழுந்திட்டுது. நெஞ்சிலை கையை வைச்சு, கண் கலங்கச் சொன்னார்: "முதலாளி, இது என்ரை அப்பா வைச்ச மரத்து எண்ணெய். இதாலை இண்டுவரைக்கும் ஒருத்தருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை."

மலையிலை விழுந்த குண்டு

செப்ரெம்பர் தொடக்கம். ஒரு வேட்டைக்காரர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். போன மாரியிலை மலைக்குப் போய்க் காட்டுப்பண்டிக்கு வைச்ச வெடி கீழை போய் மண்ணிலை விழுந்ததாம். அதை அவர் மாதக்கணக்கா நெஞ்சிலை சுமந்துகொண்டு திரிஞ்சிருக்கிறார். துவக்கு பிழையோ, குறிபாக்கிற கண்ணாடி பிழையோ, இல்லாட்டில் நான் ஒட்டுற கடுதாசி இலக்கு பிழையோ எண்டு வரைக்கும் சந்தேகப்பட்டிட்டார். முதலாளி கேட்டார், எப்ப செய்த தோட்டா எண்டு. அதுக்கு முந்தின ஓகஸ்ட் வெயிலிலையாம். அப்ப சரி. வெக்கையிலை அளவு பாத்த மருந்து அந்தப் பனிக்குளிருக்கை மெல்ல எரியும், அமுக்கம் குறையும், குண்டு கொஞ்சம் கீழை போகும். ஆளுக்கு முகம் மலர்ந்திட்டுது. துவக்கும் தானும் குற்றவாளி இல்லை எண்டு தீர்ப்பு வந்தமாதிரி. "பண்டி குளிருக்கை கம்பீரமா நிண்டது, என்ரை குண்டு மட்டும் போர்வை கேட்டிருக்கு" எண்டார்.

எல்லாரும் சிரிச்சம். மூலையிலை இருந்து நினோவும் சிரிச்சார். எனக்கு அந்தச் சிரிப்புப் பிடிக்கேல்லை. மனிசன் பாடத்தைத் தலைகீழாப் பிடிச்சிட்டார் எண்டு விளங்கிச்சுது. என்னட்டை வந்து காதுக்கை சொன்ன மாதிரிச் சொன்னார்: "கேட்டியோ? குளிரிலை மருந்து நித்திரை. அப்ப என்ரை சனவரித் தோட்டா செப்ரெம்பரிலை முழிச்செல்லோ இருக்கும். இந்த முறை சீஸ் எனக்குத்தான்."

வண்டி சூடாகிட்டுது

போட்டி நாள். விடியவே சிரோக்கோ. வானம் மஞ்சள், கார் எல்லாம் செம்மண் தூள், வாயுக்கை மணல். நான் படியிறங்கிப் போகேக்கை பினா மேல்வீட்டு வாசலிலை நிண்டு என்னைப் பாத்தா. தன்ரை வலதுகண்ணைத் தொட்டுக் காட்டினா. வாயாலை சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு பாரமா இருந்திராது.

முதலாளி எல்லாருக்கும் பெட்டியை நிழலிலை வைக்கச் சொன்னார். நினோவும் வைச்சார், அந்த அளவுக்குத் திருந்தியிருந்தார். கையாலை செய்ததை இண்டைக்கு விட்டுட்டுக் கடைத் தோட்டா எடுங்கோ எண்டு முதலாளி கெஞ்சிப் பாத்தார். "வாங்கின சாப்பாட்டைப் போட்டுச் சமையல் போட்டியிலை வெல்லுறதோ?" எண்டு கேட்டு, நினோ அவரின்ரை வாயை அடைச்சிட்டார். போட்டி விதியிலை கைத்தோட்டாவுக்குத் தடை இல்லை. ஆனால் நிழலிலையும் அண்டைக்கு வெக்கைதானே. இன்னொரு விசயம், ஒற்றைக்கண் ஆள் எண்டபடியால் நினோ குறி பாக்க நேரம் எடுப்பார். அவ்வளவு நேரமும் சூடேறின துவக்குக்குள்ளை தோட்டா கிடந்து வேகும். ஒவ்வொரு வெடியும் முந்தின வெடியை விடச் சூடு.

ஆளுக்கு அஞ்சு வெடி. நினோவின்ரை முதலாவது நடுவட்டத்திலை. பாத்துக்கொண்டு நிண்ட சனம் கைதட்டிச்சுது. எனக்கும் சந்தோசம்தான், பொய் சொல்லேல்லை. இரண்டாவதும் நடுவட்டம். ஆனால் அதுக்குப் பிறகு துவக்கின்ரை பூட்டைத் திறக்கிற கைபிடி இலகுவா எழும்பேல்லை. நினோ உள்ளங்கையாலை ஒரு தட்டுத் தட்டித் திறந்தார். மூண்டாவது வெடியும் நடுவட்டம். பூட்டைத் திறக்க மூண்டு தட்டு. கோது வந்து என்ரை காலடியிலை விழுந்தது. எடுத்துப் பாத்தன். அடியிலை இருந்த கேப்பு, தேய்ஞ்ச காசு மாதிரித் தட்டையாக் கிடந்தது. முதலாளி இதைத்தான் எத்தினையோ தரம் எனக்குக் காட்டி, இது அமுக்கம் கூடின அடையாளம், இப்பிடிக் கண்டால் உடனை என்னைக் கூப்பிடு எண்டவர். திரும்பிப் பாத்தால் அவர் அங்காலை நடுவர் மேசையிலை, இலக்கிலை விழுந்த ஒரு ஓட்டை வட்டக்கோட்டுக்கு உள்ளையோ வெளியோ எண்டு இரண்டு பேரோடை பெரிய வாக்குவாதத்திலை நிக்கிறார்.

நினோ நாலாவதை உள்ளை விட்டிட்டார்.

பாருங்கோ, வெடிச்சத்தம் எனக்குப் பயமில்லை. அது கேட்டுக் கேட்டு வளந்த காது இது. பிழைச்ச வெடிக்குத்தான் பயம். திடலிலை ஒரு சிவப்புக் கொடி இருக்கு, ஆபத்துக் கண்டால் ஆரும் தூக்கலாம், தூக்கினால் முழுத் திடலும் நிக்கவேணும். நான் வேலைக்கு வந்த நாள்தொட்டு அதிலை தூசு மட்டும்தான் தட்டியிருக்கிறன். அண்டைக்குத் தூக்கினன். எல்லாத் துவக்கும் நிண்டுபோச்சு, எல்லா முகமும் என்னிலை. பிழையாத் தூக்கியிருந்தால் அண்டோடை எனக்கு வேலை இல்லை, அதுவும் தெரியும்.

நினோ திரும்பி என்னைப் பாத்த பார்வையை நான் மறக்கமாட்டன். "என்ன வேலை பாத்தனி? மூண்டும் நடுவட்டம். இன்னும் இரண்டுதான். சனவரியிலை இதே தோட்டா ஒண்டும் செய்யேல்லை."

வாயிலை வந்ததைச் சொன்னன். "ஓகஸ்டிலை, ஏத்தத்திலை, பஸ்ஸின்ரை சூடு காட்டுற முள்ளு சிவப்புக்குப் போனால், சனவரியிலை ஒண்டும் நடக்கேல்லை எண்டு சொல்லிக்கொண்டு ஓடுவியளோ?"

"அது சனம் ஏறின பஸ். இஞ்சை நான் தனிய."

"தனிய எண்டு ஆர் சொன்னது? பினா சிஞ்ஞோரா ஏறி இருக்கிறா."

மனிசன் கையிலை இருந்த துவக்கைப் பாத்தார். நான் நீட்டின கோதை வாங்கி, அந்த ஒற்றைக்கண்ணுக்குக் கிட்டப் பிடிச்சு, நல்லாப் பாத்தார். முதலாளி ஓடி வந்து சேர முதலே, பூட்டை மெல்லத் திறந்து நாலாவது தோட்டாவை வெளியிலை எடுத்து மேசையிலை வைச்சார். துவக்கையும் வைச்சார். பிறகு தொப்பியைக் கழட்டி, பின்னாலை நிண்ட முழுச் சனத்துக்கும் கேக்கிற மாதிரி, பஸ்ஸிலை எத்தினையோ தரம் சொல்லிப் பழகின குரலிலை சொன்னார்: "எல்லாரும் மன்னிக்கவேணும். இறங்குங்கோ. வண்டி சூடாகிட்டுது."

பிந்தி வந்த காலநிலை

அந்த முறை சீஸ் இறைச்சிக்கடைக்காரருக்குப் போச்சுது. கடைத் தோட்டாவாலை சுட்டு வெண்டவர். நினோவுக்குக் கடைசி இடம். ஒரு கிழமையா அவர் என்னோடை கதைக்கேல்லை. படியிலை கண்டால் சுவரைப் பாத்துக்கொண்டு போவார். எனக்குக் கவலைதான், ஏன் மறைப்பான். பினா மட்டும் நாள் தவறாமல் ஏதாவது கோப்பையோடை இறங்கி வந்தா. சூசைக்கு இடுப்புப் பட்டி ஒரு ஓட்டை தள்ளிப்போச்சுது.

சனவரி வந்தது. ஆகக் குளிரான ஒரு காலமை, எங்கடை கதவிலை தட்டு. திறந்தால் நினோ. தலைக்குத் தொப்பி, கழுத்துக்குச் சால்வை, கையிலை, போட்டியிலை மிஞ்சின தோட்டாவோடை, அந்தப் பழைய பெட்டி. பக்கத்திலை பினா, கோயிலுக்குப் போற உடுப்போடை. "வா, ரீற்றா. நீயும் சாட்சிக்கு வேணும்" எண்டார். மூண்டு பேருமாப் பஸ் ஏறித் திடலுக்குப் போனம். பினா அந்த வாசலை மிதிச்சது அண்டைக்குத்தான் முதல்தரம். நான் காதுமூடியைக் குடுத்து அவவை என்ரை கதிரையிலை இருத்தினன்.

முதலாளி இன்னும் முடியாத லைசென்ஸையும் துவக்கையும் தோட்டாவையும் ஒண்டுக்கு இரண்டுதரம் பாத்திட்டு, சரி எண்டார். குளிருக்கு அளந்த மருந்து, குளிர்நாளிலை. கைபிடி வெண்ணெய்மாதிரி எழும்பிச்சுது, ஒரு தட்டுக்கும் வேலை இல்லை. அஞ்சு வெடியும் ஒரு சின்ன வட்டத்துக்கை. நான் போய்க் கடுதாசியைக் கழட்டிக்கொண்டு வந்தன். நினோ அதை என்னட்டை இருந்து வாங்கி, தான் பாக்காமல், நேரை பினாவிட்டைக் குடுத்தார். அவ கடுதாசியைப் பாக்கேல்லை. அவரின்ரை முகத்தைத்தான் பாத்தா, கனநேரம். எனக்குக் கண் கலங்கிட்டுது, குளிர்க்காத்து எண்டு சொல்லிச் சமாளிச்சன்.

அப்பதான் இறைச்சிக்கடைக்காரரும் வந்து சேர்ந்தார். நினோ கடுதாசியை அவருக்கு முன்னாலை விரிச்சு, கையை நீட்டி, சீஸைக் கேட்டார். அது எப்பவோ சாப்பிட்டு முடிஞ்சுதாம். சரி, அப்ப புதுசு வாங்கித் தரட்டாம். முதலாளி குறுக்கை வந்து, போட்டி செப்ரெம்பரிலை முடிஞ்சுது நினோ எண்டார். நினோ அசையேல்லை. பினாவின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு சொன்னார்: "வெண்டது நான்தான், முதலாளி. காலநிலைதான் பிந்தி வந்தது."

இவ்வளவு காலமும் இந்தத் திடலிலை வெறுங்கோது பொறுக்கி நான் கண்டது என்னெண்டால், தோட்டாவை நிழலிலை இருத்துறது லேசு, அதைச் செய்த மனிசரை இருத்துறதுக்குத்தான் எனக்குச் சம்பளம்.